சத்தமில்லாத சில்லு

கல்லு ஒழுங்கையில் சைக்கிள் ஓடினால் எனக்கு இடுப்புப் பக்கம் நாரியிலிருந்து வலது கால் பெருவிரல் வரைக்கும் மின்சாரம் அடிக்கும். டொக்டர் எக்ஸ்றே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "சைக்கிளை விடுங்கோ" என்றார். "விட்டிட்டு?" என்று கேட்டேன். அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

விடுகிறதாம்! நான் இருப்பது நீர்வேலியில். வேலை நல்லூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில். கிழமை நாட்களில் அங்கே போய்வர சைக்கிள்தான். சனிக்கிழமை காலையில் சமைத்து, உடுப்புத் தோய்த்துப் போட்டுவிட்டு, கரியரில் ஒரு பையைக் கட்டிக்கொண்டு வல்வெட்டித்துறைக்கு வெளிக்கிடுவேன். அங்கே அப்பா இருந்தார். ஞாயிறு பின்னேரம் திரும்பி வருவேன். "பஸ் இருக்குத்தானே?", "ஸ்கூட்டி ஒண்டு எடுக்கலாமே?" என்று கேட்காத சனம் இல்லை. பஸ்ஸில் ஏறினால் எனக்கு வயிற்றைப் பிரட்டிச் சத்தி வரும். ஸ்கூட்டியில் ஏறினால் பயம் வரும். சைக்கிளில் ஏறினால் ஒன்றும் வராது, இந்த நாரி நோவைத் தவிர.

அப்பா மீன்பிடி வள்ளங்களின் இயந்திரம் திருத்துகிறவர். கரையில் முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தபடியே, கடலில் கேட்கிற சத்தத்தை வைத்து ஆருடைய வள்ளம் வருகிறது என்று சொல்லுவார். ஒருநாளும் பிழைத்ததில்லை. பிறகு சீனி வருத்தம் அவருடைய கண்ணைக் கொண்டுபோனது. அதற்குப் பிறகு மறதி வந்து ஆட்களை ஒவ்வொருவராகக் கொண்டுபோனது. லண்டனிலிருந்து பெரியண்ணை போன் எடுத்தால், "ஆர் தம்பி கதைக்கிறது? ஆற்றை மகன்?" என்று மரியாதையாகக் கேட்பார். பெரியண்ணை அழுதுவிட்டுப் பிறகு எனக்கு எடுத்து என்னோடு சத்தம் போடுவார், ஏதோ நான்தான் அப்பாவுக்குச் சொல்லிக் குடுத்த மாதிரி. ரொறொன்ரோவில் இருக்கிற சின்னண்ணையை அப்பா அதற்கும் முந்தியே மறந்துவிட்டார்.

என்னை மட்டும் மறக்கவில்லை. எனக்கு அதில் பெரிய பெருமை இருந்தது, மறைப்பானேன்? அப்பாவோடு துணைக்கு இருந்தவ பக்கத்து வீட்டு அக்கா. அவ சொல்லித்தான் எனக்குத் தெரியும், நான் ஒழுங்கை முடக்கில் திரும்பும்போதே அப்பா கதிரையில் நிமிர்ந்து, "அந்தா, வாறாள்" என்பாராம். அக்கா உடனே கேத்தலை வைப்பா. நான் முற்றத்தில் ஸ்ராண்ட் போடுகிற நேரம் தண்ணி கொதித்துவிடும். உள்ளே போனால் அப்பா கையை நீட்டிக்கொண்டு இருப்பார். "வந்திட்டியோ மோனை? வெய்யிலோ?" அதற்குப் பிறகு என் குரல், என் கை எல்லாம் அவருக்குப் பொருந்திவிடும். அடுத்த நாள் நான் வெளிக்கிடும் வரைக்கும் நான் அவருடைய மகள். உலகத்தில் அவர் அறிந்த ஆள் நான் ஒருத்திதான் மிச்சம். அதுவும் போய்விட்டால் அவர் முழுக்கத் தனித்துப் போவார் என்று எனக்குப் பயமாக இருக்கும்.

அவர் அறிந்தது என்னை அல்ல, என் சைக்கிளின் சத்தத்தைத்தான் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை. செயின் கவரில் ஒரு ஆணி கழன்றிருந்தது. மட்காட் ஒரு பக்கம் ஆடும். மெல்லிய ரயர், கல்லு மாதிரிக் காற்று. அந்த ஒழுங்கைக் கல்லில் ஏறினால் கடகடவென்று ஊரைக் கூட்டும்.

யாழ்ப்பாணப் பட்டினத்தில் எனக்குப் பழக்கமான சைக்கிள் கடை ஒரு முஸ்லிம் நானாவுடையது. தொண்ணூறில் ஊரைவிட்டு அனுப்பப்பட்டு, கனகாலத்துக்குப் பிறகு திரும்பி வந்த குடும்பம். கடைக்குள் போனால் ரயர்கள் முகட்டிலிருந்து தொங்கும். குனிந்துதான் போகவேண்டும், குனிந்தால் எனக்கு உயிர் போகும்.

"நானா, நாரி முறியாத ரயர் ஒண்டு வேணும்."

"நாரிக்கு ரயர் இல்லைத் தங்கச்சி. சில்லுக்குத்தான் இருக்கு."

சிரித்துவிட்டுப் பின் ரயரைப் பெருவிரலால் அமத்திப் பார்த்தார். அமரவில்லை. எங்கள் சனத்துக்கு ரயர் கல்லு மாதிரி இருந்தால்தான் மனம் ஆறும் என்றும், அந்தக் கல்லுத்தான் றோட்டுக் கல்லு அத்தனையையும் என் முள்ளந்தண்டுக்குக் கொண்டுபோய்க் குடுக்கிறது என்றும் சொன்னார். அகல ரயர் போட்டுக் காற்றைக் குறைத்து அடித்தால், கல்லு ரயருக்குள்ளேயே புதைந்து போகுமாம். ஆனால் ரயரை மட்டும் மாற்ற ஏலாது, றிம்மும் மாற்றவேண்டும், மட்காட்டும் அகலமாகப் போடவேண்டும். நான் பெடியள் போடுகிற மாதிரி ஆழமாக வெட்டு வெட்டின முரட்டு ரயர் ஒன்றைக் காட்டினேன்.

"உது சேத்துக்கும் மணலுக்கும் சரி. தார் போட்ட காப்பெற் றோட்டிலை ஊ எண்டு கத்தும், காலும் உளையும். நீங்கள் வேலைக்கும் போறியள், தூரமும் போறியள். இதைப் பாருங்கோ."

அவர் எடுத்துத் தந்த ரயர் அகலமாக இருந்தது, மேலே வெட்டு ஆழமில்லை, பக்கம் தொட்டால் சப்பாத்தி மா மாதிரி மெத்தென்றிருந்தது. எனக்கு அந்த இடத்திலேயே பிடித்துவிட்டது. பின்னேரம் எடுக்கப் போனபோது சைக்கிள் வேறு ஆளாக நின்றது. கழன்ற ஆணி எல்லாவற்றையும் நானா கேட்காமலே இறுக்கியிருந்தார்.

"இனி ஒரு சத்தமும் கேக்காது. பூனை மாதிரிப் போவியள். பழைய சில்லு ரெண்டும் வேணாமோ?"

"பின்னாலை எங்கேயும் கொழுவி விடுங்கோ நானா" என்றேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சொன்னால் நம்பமாட்டீர்கள், அந்தக் கிழமை முழுக்க நான் சிரித்த முகத்தோடு வேலைக்குப் போனேன். குழி வந்தால் சைக்கிள் ஒரு தரம் பெருமூச்சு விட்டமாதிரி இறங்கி ஏறும், அவ்வளவுதான். அலுவலகத்தில், "என்ன, சீதனம் ஏதும் வந்ததோ?" என்று பகிடி பண்ணினார்கள். கால் பெருவிரலில் மின்சாரம் இல்லை. மனுசருக்கு வேறென்ன வேண்டும்?

சனிக்கிழமை வல்லை வெளியில்தான் முதல் முதல் எனக்கு ஒரு மாதிரி இருந்தது. வல்லை வெளி என்றால் மரமில்லை, வீடில்லை, இரண்டு பக்கமும் உவர் தண்ணீரும் புல்லுத் தரவையும், நடுவில் றோட்டு. எதிர்க்காற்று அடித்தால் சைக்கிளை உருட்டத்தான் வேண்டும். அன்றைக்குக் காற்று விழுந்திருந்தது. உச்சிப் பொழுது கிட்ட வந்திருந்தது, என் நிழல் சில்லுக்குக் கீழே சுருங்கிக் கிடந்தது. றோட்டுக் கரையில் கொக்குகள் நின்றன. முந்தியென்றால் என் கடகடப்புக்கு அவை தூரத்திலேயே எழும்பிப் பறக்கும். அன்றைக்கு ஒன்றும் அசையவில்லை. கை நீட்டினால் தொடலாம் போல ஒரு கொக்கைக் கடந்து போனேன். அது என் பக்கம் தலையைத் திருப்பக்கூட இல்லை. அந்த வெளியில் நான் ஓடுவதாக எனக்கு மட்டும்தான் தெரிந்தது.

முன்னால் ஒருவர் கீரைக்கட்டோடு உருட்டிக்கொண்டு போனார். அவரைத் தாண்டும்போது மனுசன் துள்ளி விழுந்து சைக்கிளைப் போட்டுவிட்டார்.

"கோதாரி! பேய் மாதிரி வாறாய் பிள்ளை! மணியை எண்டாலும் அடிக்கக்கூடாதே?"

எனக்குச் சிரிப்பு வந்தது. மன்னிப்புக் கேட்டுவிட்டு மிதித்தேன். கொஞ்சத் தூரம் போக, பின்னால் மெல்லிசாக ஒரு சத்தம் கேட்டது. கடகட, கடகட. பழைய சைக்கிள் ஒன்று. கீரைக்காரர்தான் ஏறி ஓடி வருகிறார் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். அவர் நான் விட்ட இடத்திலேயே குனிந்து கீரையைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் றோட்டு வெறுமையாகக் கிடந்தது. வல்லை வெளியில் ஒளிக்க இடமில்லை. ஒரு நாய் வந்தாலும் கண்ணுக்குத் தெரியும்.

வெளியில் முனியப்பர் கோயில் இருக்கிறது. அந்த வழியால் போகிறவர்கள் இறங்கித் திருநீறு பூசாமல் போகமாட்டார்கள். பஸ்ஸும் நிற்கும். நானும் இறங்கி, வழக்கத்தை விடக் கொஞ்சம் கூடவே பூசினேன். காற்றாக இருக்கும் என்று எனக்கு நானே சொன்னேன். காற்று இல்லை என்பதும் எனக்குத் தெரியும்.

உடுப்பிட்டி தாண்டி வீட்டு ஒழுங்கைக்குள் இறங்கினேன். கல்லெல்லாம் ரயருக்குள் புதைந்து போயின. ஸ்ராண்ட் போட்டுவிட்டு உள்ளே போனபோது அப்பா சாய்ந்தபடியே இருந்தார். நிமிரவில்லை, கையும் நீட்டவில்லை. அக்காதான் குசினியிலிருந்து வந்து, "எட, வந்திட்டியே? கேத்தலும் வைக்கேல்லை" என்று என் பக்கத்தில் வந்து நின்றா.

"அப்பா" என்றேன்.

அவர் முகத்தை எங்கள் பக்கம் திருப்பி அக்காவிடம் கேட்டார். "உவ ஆர்?"

"உங்கடை மகள் ஐயா."

"சும்மா கதையாதை. என்ரை பிள்ளை சைக்கிளிலை எல்லோ வாறவள். இன்னும் வரேல்லை." பிறகு என்னிடம், "இருங்கோ. அவள் இப்ப வந்திடுவாள். தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ."

இருங்கோ. குடிச்சிட்டுப் போங்கோ. என்னைப் பெற்ற மனுசன் எனக்கு மரியாதை தருகிறார். அடித்திருந்தால்கூட எனக்கு அப்படி நொந்திருக்காது. கையைப் பிடித்தேன், கதைத்தேன், சின்ன வயதில் என்னைக் கூப்பிட்ட செல்லப் பெயரைச் சொன்னேன். அவர் கையைப் பக்குவமாக விடுவித்துக்கொண்டார், அந்நியப் பெண்ணிடமிருந்து விடுவிக்கிற மாதிரி.

எங்கள் ஊர்க் கதையில் ஆளைக் காட்ட மூன்று சொல் இருக்கிறது. இவள் என்றால் சொல்லுகிறவருக்குப் பக்கத்தில் இருக்கிறவள். அவள் என்றால் தூரத்தில் இருக்கிறவள். உவள் என்றால் கேட்கிறவருக்குப் பக்கத்தில் நிற்கிறவள், இரண்டுக்கும் இடையில். மரியாதைக்கு இவ, அவ, உவ. பிறந்த நாளிலிருந்து யோசிக்காமல் பாவிக்கிற சொற்கள். அப்பா எல்லாவற்றையும் மறந்தார், இந்தக் கணக்கை மறக்கவில்லை. கண் தெரியாதவர், ஆர் எவ்வளவு தூரத்தில் நிற்கிறார்கள் என்பதைக் காதால் அளந்து சரியான சொல்லை எடுப்பார்.

நான் தேத்தண்ணியைக் குடித்து முடிக்கவில்லை. அப்பா கதிரையில் நிமிர்ந்தார். முகம் மலர்ந்தது.

"அந்தா, அவள் வாறாள்."

அக்காவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அக்கா தலையைச் சரித்து ஒழுங்கைப் பக்கம் கேட்டுக்கொண்டு நின்றா. பிறகு குசினிக்குள் போய் இன்னொரு தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து வைத்தா. ஆருக்கு என்று நான் கேட்கவில்லை. அது ஆடை படிந்து ஆறிப் போனது.

அடுத்த சனிக்கிழமை நான் ஆயத்தமாகப் போனேன். ஒழுங்கை முடக்கிலிருந்தே மணியை அடித்தேன், கை உளையும் வரைக்கும் அடித்தேன். உள்ளே அப்பா அக்காவிடம் சொல்வது வெளியில் கேட்டது. "மீன்காரன் வாறான். இண்டைக்கு வேண்டாம் எண்டு சொல்லு." நல்லது. போன கிழமை விருந்தாளி, இந்தக் கிழமை மீன்காரன்.

அன்றைக்குத்தான் அது எனக்கும் கேட்டது. நான் வாசல் கதவுக்குக் கிட்ட இருந்த கதிரையில் இருந்தேன். ஒழுங்கை முடக்கில் கடகடவென்று தொடங்கியது. செயின் கவரின் கழன்ற ஆணி, மட்காட்டின் ஆட்டம், எல்லாம் என்னுடையவை. எனக்கு என் செருமல் தெரிவது மாதிரி அந்தச் சத்தம் தெரியும். படலையடியில் மெதுவானது. முற்றத்துக்கு வந்தது. ஸ்ராண்டைத் தட்டுகிற சத்தம் கேட்டது. எழும்பி எட்டிப் பார்த்தேன். முற்றத்தில் என் சைக்கிள் ஒன்றுதான் நின்றது, அகல ரயரோடு, அமைதியாக.

நான் திரும்பி வந்து இருந்தபோது அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார். என்னையா? இல்லை. எனக்குக் கொஞ்சம் பக்கத்தில்.

"உவள்தான் நான் சொன்ன என்ரை மகள்" என்று எனக்கு அறிமுகம் செய்துவைத்தார்.

உவள். எனக்கும் கதவுக்கும் இடையில் ஒரு கதிரை வைக்கத்தான் இடமிருந்தது. நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.  அப்பா அந்த இடத்தைப் பார்த்துக் கதைத்தார். கதைத்துவிட்டு நிறுத்துவார், மறுமொழி வருகிற அளவு நேரம் விடுவார், பிறகு சிரிப்பார் அல்லது "ஓம், ஓம்" என்பார். அக்கா குசினிக் கதவடியில் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றா. பின்னேரம் கிணற்றடியில் வைத்து என்னிடம் கேட்டா, "உனக்கும் கேட்டதோ?" நான் ஓம் என்றேன். "எனக்குப் போன கிழமையே கேட்டது. உனக்குச் சொல்லி ஏன் உன்னைப் பயப்படுத்துவான் எண்டு விட்டிட்டன்" என்றா.

நான் பெரியண்ணைக்குப் போன் எடுத்துச் சொன்னேன். பேயைப் பற்றி இல்லை, அப்பா என்னை அறியவில்லை என்பதை மட்டும். "அது வருத்தம். நீ உதைப் பெரிசா எடுக்காதை" என்றார். லண்டனில் இருந்துகொண்டு சொல்ல லேசுதானே! சின்னண்ணை, "பழைய சத்தத்தைப் போனிலை பிடிச்சு வைச்சிருக்கலாமே" என்றார். ஆரப்பா தன்னுடைய சைக்கிள் கடகடப்பைப் பிடித்து வைக்கிறது? போனைக் கட்டிலில் எறிந்துவிட்டு அழுதேன். எனக்கு அதில் பயத்தை விட எரிச்சல்தான் கூட. வெய்யிலில் மிதித்துப் போவது நான். குளிக்க வார்ப்பது நான், சோறு தீத்துவது நான். மகளாக இருப்பது மட்டும் அவள்.

மூன்றாம் முறை ஒரு வெறும் பால்ரின்னைக் கரியரில் கட்டிக்கொண்டு போனேன். அலுவலகத்தில் ஆரும் கண்டிருந்தால் எனக்கு விசர் என்றே முடிவு கட்டியிருப்பார்கள். அப்பா காதைக் குடுத்துக் கேட்டுவிட்டு, "ஆரோ நாயின்ரை வாலிலை ரின் கட்டி விட்டிட்டாங்கள், பாவம்" என்றார். அக்காவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எனக்கும் வந்தது. நாங்கள் இரண்டு பேரும் முற்றத்தில் நின்று கண்ணில் தண்ணி வரச் சிரித்துக்கொண்டிருந்தபோது எங்களுக்குப் பின்னால் ஒழுங்கையில் அது வந்தது. சிரிப்பு நின்றது. நான் உள்ளே போகவில்லை. யன்னலடியில் நின்று கேட்டேன்.

"நாரி நோகுதோ மோனை?" என்று அப்பா கேட்டார்.

நான் அவருக்கு என் நாரியைப் பற்றி ஒருநாளும் சொன்னதில்லை. அவர் கவலைப்படுவார் என்று ஒளித்து வைத்திருந்தேன். நோவு என்னுடையது. அவர் கேட்டது அவளிடம். மறுமொழிக்கு அவர் காத்திருந்தார். பிறகு, "கவனம் மோனை. மெள்ள மெள்ள வா. நான் இருக்கிறன்தானே" என்றார். யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, எனக்குத்தான் நோகுது" என்று நான் சொன்னது அவருக்குக் கேட்டிருக்காது.

அடுத்த நாளே நான் முடிவெடுத்துவிட்டேன். நாரி முறிந்தால் முறியட்டும். வெள்ளிக்கிழமை பின்னேரம் நானாவின் கடையில் போய் நின்றேன்.

"பழைய சில்லு இருக்கோ நானா?"

"இருக்கு. ஏன் தங்கச்சி, புதுசிலை என்ன குறை?"

"ஒரு குறையும் இல்லை. பழசைப் பூட்டுங்கோ."

"ஆரும் நல்லதைக் கழட்டிப்போட்டு உக்கினதைப் பூட்டச் சொல்லுவினமே?" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

"அப்பாவுக்கு நான் வாறது கேக்கேல்லை நானா."

அவர் பின்பக்கம் போய்ப் பழைய சில்லு ரெண்டையும் எடுத்து முன்னால் வைத்தார்.  காலையில் வரச் சொன்னார். அடுத்த நாள் போனபோது நல்லூர்த் திருவிழாவுக்கு வீதியெல்லாம் மறித்திருந்தார்கள். சுற்றிச் சுற்றிப் போய்ச் சேரவே நேரம் போய்விட்டது. கடையிலும் சனம். என் கண் முன்னாலேயே நானா பழைய சில்லைப் பூட்டினார், காற்றைக் கல்லு மாதிரி அடித்தார். கடைசியில் திருகாணிச் சாவியை எடுத்து, செயின் கவர் ஆணி ஒன்றைத் தானே தளர்த்திவிட்டார். ஆட்டிப் பார்த்தார். கடகட என்றது. "இப்ப சரியோ?" என்றார்.  தலையை ஆட்டினேன்.

அன்றைக்கு நான் ஓடின ஓட்டம் வாழ்க்கையில் ஓடினதில்லை. நாரியில் மின்சாரம் அடித்தது, அடிக்கட்டும் என்று மிதித்தேன். வல்லை வெளிக்குள் இறங்க, கொக்கெல்லாம் எழும்பிப் பறந்தது. எனக்குக் கத்தவேண்டும் போல இருந்தது. பாருங்கோ, நான் போகிறேன்! முனியப்பரடியில் இறங்கித் திருநீறு பூசிக்கொண்டு நின்று பின்பக்கம் காது குடுத்தேன். ஒரு சத்தமும் இல்லை. வெளி முழுக்க வெயில்தான் நின்றது. அதை நான் விட்டுவிட்டு வந்துவிட்டேன் என்று சந்தோசப்பட்டேன். அது எனக்கு முன்னால் போயிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஒழுங்கை முடக்கில் வேண்டுமென்றே மெதுவாக ஓடினேன், ஒவ்வொரு கல்லிலும் ஏறி இறங்கி. கடகட, கடகட. அப்பா நிமிர்ந்திருப்பார், அக்கா கேத்தலை வைத்திருப்பா என்று நினைத்துக்கொண்டே வந்து படலையைத் திறந்தேன். அக்கா கையில் தேத்தண்ணிக் கோப்பையோடு குசினியிலிருந்து முற்றத்துக்கு வந்தா. என்னைக் கண்டதும் நின்றா.

"நீ எப்ப வெளியிலை போனனீ?"

"இப்பதான் வாறன் அக்கா."

அவ கோப்பையை நிலத்தில் வைத்தா. உள்ளே திரும்பிப் பார்த்தா. பிறகு என்னைப் பார்த்தா. "சைக்கிள் வந்து நிண்டது பிள்ளை. ஸ்ராண்ட் போட்டதும் கேட்டது. ஐயா உள்ளையிருந்து சொன்னவர், 'இவள் வந்திட்டாள், தேத்தண்ணி கொண்டா' எண்டு. நீ அவருக்குப் பக்கத்திலை இருக்கிறாய் எண்டுதான்..."

இவள்.

நான் சைக்கிளை விட்டேன். அது விழுந்த சத்தம் அயலுக்கே கேட்டிருக்கும். உள்ளே அப்பா கதிரையில் சாய்ந்திருந்தார். முகம் கதிரையின் வலது பக்கம் திரும்பியிருந்தது. ஆரோ சொல்லுவதைக் கேட்டுக்கொண்டே கண்ணை மூடியவர் போல, ஆறுதலாக இருந்தது முகம். உடம்பில் சூடு இருந்தது, மூச்சு இல்லை. "அப்பா, சைக்கிளிலை வந்தனான், கேட்டதோ?" என்று கேட்டேன். திரும்பத் திரும்ப அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன் என்று அக்கா பிறகு சொன்னா.

அவருடைய வலது கை மடியில் மடங்கிக் கிடந்தது, இன்னொரு கையைப் பொத்திப் பிடித்திருக்கிற மாதிரி. அதற்குள் என் விரல்களை வைக்கப் பார்த்தேன். இடம் இருக்கவில்லை.

பின்னேரம் பெரியண்ணை போனில் குழந்தை மாதிரி அழுதார். அயலெல்லாம் சொல்லிவிட்டார்களாம், மகள் பக்கத்தில் இருக்கத்தான் சீவன் போனதென்று. அக்கா அப்படித்தான் எல்லாருக்கும் சொல்லியிருந்தா. முற்றத்தில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். விழுந்த சைக்கிளை ஆரோ நிமிர்த்தி மதிலோடு சாத்தியிருந்தார்கள்.

"கடைசி நேரத்திலை எண்டாலும் உன்னை அறிஞ்சவரோ?" என்று பெரியண்ணை கேட்டார்.

"ஓம் அண்ணை" என்றேன். "கையை விடவே இல்லை."